வாடும் இலைக்கு வாடாப் பெயர்

விடியற்காலையில் தருமபுரி உழவர் சந்தையில் வந்து இறங்கும்போது தண்டுக்கீரைக் கட்டு விறைப்பாக நிற்கும். வெயில் ஏறத் தொடங்கியதும் இலை துவளும். ஈரச்சாக்கைப் போர்த்தி, அவ்வப்போது தண்ணீர் தெளித்து, உச்சிவெயிலுக்கு முன் விற்றுத் தீர்க்கத்தான் கீரைக்காரர்கள் பார்ப்பார்கள். கத்தரிக்காயும் தக்காளியும் மறுநாள் வரை பொறுக்கும், கீரை பொறுக்காது. அரை நாளில் வாடிப்போகும் இந்தக் கீரைக்கு ஆங்கிலத்தில் அமராந்த் என்று பெயர். கிரேக்கத்திலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு ‘வாடாதது’ என்று பொருள்.

கிரேக்கர்கள் பூவைப் பார்த்து இந்தப் பெயரை வைத்தார்கள். பூவைப் பொறுத்தவரை அது மிகத் துல்லியமான பெயர். அந்தப் பூச்செடியிடம் ரோமானியர் ஒருவர் கண்டு வியந்த இன்னொரு குணத்தை, தகடூர் அதியமானைப் பாடிய தமிழ்ப் புலவரும் கீரையில் கண்டு தம் பாட்டில் பதிந்து வைத்திருக்கிறார். தகடூர் என்பது இன்றைய தருமபுரி. ஆகவே இந்தப் பெயரின் கதை நம் ஊருக்கும் உரியது. அதைத் தொடர்ந்து போனால் செடியின் உடலியலுக்குள்ளேயே போய்ச் சேரலாம்.

சொல் வந்த வழி

கிரேக்கத்தில் ‘மராய்னைன்’ என்றால் வாடுதல், வற்றுதல், அணைந்துபோதல். அதன் முன்னே ‘அ’ சேர்ந்து எதிர்மறையாகிப் பிறந்தது ‘அமராந்தோஸ்’. நீதி, அநீதி என்றும் தர்மம், அதர்மம் என்றும் வடமொழி வழியாகத் தமிழில் புழங்கும் ‘அ’வும் இந்தக் கிரேக்க ‘அ’வும் ஒரே தொல்மூலத்தின் பிள்ளைகள். அமராந்த் என்றதும் ‘அமரர்’ என்ற சொல் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அங்கே நிதானம் வேண்டும். அமரர் என்பது சாதலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. கிரேக்கச் சொல்லின் பின்பாதி தேய்தல், நைதல் என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்தது. இரண்டு வேர்களும் ஆதியில் ஒன்றாக இருந்திருக்கலாம் என்று கருதும் மொழியியலாளர்கள் உண்டு. வேறு வேறாகவே வைப்பவர்களும் உண்டு.

தொடக்கத்தில் இது ஒரே ஒரு செடியின் பெயராக இல்லை. காய்ந்த பிறகும் நிறமும் வடிவும் மாறாத பூக்களுக்குப் பொதுவாக வழங்கிய பெயர் அது. மருத்துவர் தியோஸ்கோரிதெஸ், சாமந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஹெலிகிரைசம் என்ற பொன்னிறப் பூவையும் சிலர் இப்பெயரால் அழைத்ததாகக் குறிக்கிறார். ஈசோப்பின் பெயரால் வழங்கும் கதைகளில் ரோஜாவும் அமராந்தும் உரையாடும் கதை ஒன்று உண்டு. ரோஜாவின் அழகைப் புகழ்கிறது அமராந்த், அமராந்தின் நீண்ட வாழ்வைப் பார்த்து ஏங்குகிறது ரோஜா. புதிய ஏற்பாட்டில் பேதுருவின் முதல் நிருபம் மகிமையின் கிரீடத்தைச் சொல்லும் இடத்தில் கிரேக்க மூலம் இதே சொல்லின் அடைவடிவத்தைத்தான் ஆள்கிறது. 1667இல் வெளிவந்த ‘இழந்த சொர்க்கம்’ காவியத்தில் மில்டன் இதை அழியாத சொர்க்கப் பூவாகக் காட்டுகிறார்.

மில்டன் எழுதிய எழுத்துக்கூட்டலில் சொல் ‘டி’யோடு முடியும், இன்றுள்ள ‘ஹெச்’ அதில் இல்லை. லத்தீனிலும் பிரெஞ்சிலும் அப்படித்தான். கிரேக்கத்தில் பூவுக்கு ‘அந்தோஸ்’ என்று பெயர். நம் நிலங்களில் விளையும் சாமந்தியின் ஆங்கிலப் பெயரான கிரிசாந்திமத்துக்குப் ‘பொற்பூ’ என்பது பொருள். அதில் இருப்பது அந்த அந்தோஸ். பூவின் பெயர்தானே, இதிலும் அந்தோஸ் இருக்க வேண்டும் என்று எண்ணிப் பிற்காலத்தார் ‘ஹெச்’சைச் சேர்த்துவிட்டார்கள். உண்மையில் அமராந்த் என்ற சொல்லுக்குள் பூவே இல்லை. வாடாமை மட்டுமே இருக்கிறது.

பூவின் பெயர் கீரைக்கு வந்தது லின்னேயஸ் காலத்தில் உறுதியானது. ஸ்வீடன் நாட்டு அறிஞரான அவர் 1753இல் வெளியிட்ட தாவர நூலில் அமராந்தஸ் என்ற பேரினத்தை வரையறுத்தார். நாம் தண்டுக்கீரை என்னும் செடி அதில் அமராந்தஸ் டிரைகலர். வேலியோரத்து முள்ளுக்கீரை அமராந்தஸ் ஸ்பைனோசஸ். பூமாலைக்கு உரிய பெயர் அன்று முதல் இலைக்கறிகளின் குடும்பப் பெயராயிற்று.

மாலை கட்டியவர்களும் கீரை பறித்தவர்களும்

இந்தப் பூவைப் பற்றி விரிவாக எழுதியவர் ரோமானியரான மூத்த பிளினி. கி.பி. 23இல் பிறந்து, 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர். முசிறித் துறைமுகத்தைக் குறிப்பிட்டு, இந்தியப் பொருள்களுக்காக ரோமின் செல்வம் ஆண்டுதோறும் வெளியேறுகிறதே என்று வருந்தியவரும் அவர்தான். அவருடைய ‘இயற்கை வரலாறு’ நூலின் 21ஆம் புத்தகம் மாலைக்குரிய பூக்களைப் பேசுகிறது. அமராந்தைப் பற்றி அவர் தரும் செய்திகள் இவை: இதைப் பூ என்பதைவிடக் கருஞ்சிவப்புக் கதிர் என்பதே பொருந்தும், மணம் கிடையாது, ஆகஸ்டில் பூத்து இலையுதிர்காலம் வரை நிற்கும், பறித்துக் காயவைத்து, மற்றப் பூக்கள் ஒழிந்த குளிர்காலத்தில் நீரில் நனைத்தால் மீண்டும் உயிர்பெற்றதுபோல் ஆகும், அதைக்கொண்டு மாலை கட்டுவார்கள். இவற்றோடு இன்னொன்றும் சொல்கிறார். பறிக்கப்படுவதில் இந்தச் செடி மகிழ்கிறது, பறித்தபின் முன்னைவிடச் செழிப்பாகத் துளிர்க்கிறது என்கிறார்.

பிளினியின் செடி இன்றைய வகைப்பாட்டில் செலோசியா, அதாவது கோழிக்கொண்டைப் பூவின் இனமாக இருக்கலாம் என்பது பல அறிஞர்களின் கருத்து. அப்படியானால் அதன் நெருங்கிய உறவு நம் மானாவாரிக் காடுகளிலேயே முளைக்கிறது. மழைக்குப் பின் சோளக்காட்டிலும் கடலைக்காட்டிலும் தானாக வரும் பண்ணைக்கீரைதான் செலோசியா அர்ஜென்டியா. இளஞ்செடியைக் கீரையாகக் கடைவோம். விட்டுவிட்டால் வெள்ளியும் இளஞ்சிவப்புமாகக் கதிர் விடும். அந்தக் கதிர் காய்ந்தும் உதிராமல் நிற்பதை நிலத்தில் நடந்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

இனி நம் புலவர். புறநானூற்றின் 159ஆம் பாடல் பெருஞ்சித்திரனார் குமணனைப் பாடியது. வீட்டில் மூத்துத் தளர்ந்த தாய், பசியால் வாடும் மனைவி, குழந்தைகள். மனைவி குப்பைக்கீரையைப் பறிக்கிறாள். அது முதல் பறிப்பு அல்ல. முன்பு கிள்ளிய இடத்திலிருந்து கிளைத்து வந்த, இன்னும் முற்றாத இளந்தளிர் என்று புலவர் குறித்துச் சொல்கிறார். உப்பும் இல்லாமல் வெறும் நீரில் அதை வேகவைக்கிறாள். அதே நூலின் 208ஆம் பாடலில் இதே பெருஞ்சித்திரனார் தகடூருக்கு வருகிறார். அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரில் பாராமலே பரிசு கொடுத்தனுப்ப, காணாமல் ஈந்த பொருளைக் கொள்ளத் தாம் வாணிகர் அல்லர் என்று மறுக்கிறார். உப்பில்லாக் கீரை வெந்த வீட்டைப் பாடியவரின் மானம் அது.

ரோமில் மாலைக்காகப் பறித்தார்கள். இங்கே பசிக்காகப் பறித்தார்கள். பறித்த இடத்தில் மீண்டும் துளிர்க்கிறது என்ற செயலை இருவரும் கண்டார்கள். பிளினி அதைச் செடியின் மகிழ்ச்சி என்றார். பெருஞ்சித்திரனாரின் பாட்டிலோ அது வறுமையின் அளவுகோல்: தழைக்க விடாமல் அதே செடியைத் திரும்பத் திரும்பக் கிள்ள வேண்டியிருக்கும் வீடு. தாவரவியல் நோக்கில் நம் புலவரின் குறிப்பு இன்னும் நுட்பமானது. செடி துளிர்த்தது என்று பொதுவாகச் சொல்லாமல், கொய்த கணுவிலிருந்து துளிர்த்தது என்று இடத்தையும் சொல்லிவிடுகிறார்.

பூ ஏன் வாடுவதில்லை?

இலையின் விறைப்பு நீரால் வருவது. கீரை இலையின் எடையில் பெரும்பகுதி, 85 விழுக்காட்டுக்கும் மேல், தண்ணீர். ஒவ்வொரு செல்லின் நடுவிலும் நீர் நிறைந்த பை ஒன்று உண்டு. சைக்கிள் டியூபில் அடைத்த காற்று டயரை விறைக்க வைப்பதுபோல, அந்தப் பையின் அழுத்தம் செல்சுவரைத் தள்ளி இலையை நிமிர்த்தி வைக்கிறது. தண்டை அறுத்ததும் வேரிலிருந்து வரும் நீர் நின்றுவிடுகிறது. இலைத்துளைகள் வழியாக ஆவியாவது மட்டும் நிற்பதில்லை. அழுத்தம் குறைகிறது, இலை தொங்குகிறது. ஈரச்சாக்கு இலையைச் சுற்றியுள்ள காற்றில் ஈரத்தைக் கூட்டி இந்த இழப்பைத் தாமதப்படுத்துகிறது. இலை துவளத் துவள அதிலுள்ள வைட்டமின் சியும் குறைந்துகொண்டே போகும். பறித்த அன்றே சமைப்பது நல்லது என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பூங்கதிர் வேறு விதமாகக் கட்டப்பட்டது. இந்தக் குடும்பத்துப் பூக்களில், ரோஜாவில் உள்ளதுபோல் நீர் நிறைந்த மெல்லிதழ்கள் இல்லை. நாம் நிறமாகப் பார்ப்பவை பூவை அடியில் தாங்கும் செதில்களும், பூவைச் சுற்றியுள்ள சிறு மடல்களும். இவை செடியில் இருக்கும்போதே உலர்ந்த காகிதம் போன்றவை. அவற்றின் வடிவத்தைத் தாங்குவது செல்சுவர். நீரின் அழுத்தம் அல்ல. நீரை நம்பி நிற்காத உறுப்பு, நீர் போனாலும் தொங்காது. வாடுதல் என்பது நீரை இழந்து தளர்வது என்று வைத்துக்கொண்டால், இந்தச் செதில்கள் வாடுவதற்கு வழியே இல்லை.

இந்த உண்மையைத் தமிழர்கள் இன்னொரு செடியிலும் கண்டு பெயராக வைத்திருக்கிறார்கள். வாசலிலும் தோட்டத்திலும் வளர்க்கும் வாடாமல்லி, கோம்ஃப்ரீனா குளோபோசா. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து இங்கே வந்த செடி அது. வகைப்பாட்டில் தண்டுக்கீரையும் பண்ணைக்கீரையும் வாடாமல்லியும் அமராந்தேசியே என்ற ஒரே குடும்பம். வாடாமல்லியின் ஆங்கிலப் பெயர் ‘குளோப் அமராந்த்’, உருண்டை அமராந்த். கிரேக்கச் சொல்லுக்குச் சரியான தமிழ் நம் வாசலிலேயே பூத்துக்கொண்டிருக்கிறது.

வடிவம் மட்டுமல்ல, நிறமும் நிற்பதற்குக் காரணம் உண்டு. செம்பருத்தி, சங்குப்பூ, கத்தரிக்காய்த் தோல் ஆகியவற்றின் நிறம் ஆந்தோசயனின் என்ற நிறமிகளால் வருவது. கீரைக் குடும்பத்தின் சிவப்பு பீட்டலைன் என்ற வேறொரு நிறமிக் கூட்டத்தைச் சேர்ந்தது. பீட்ரூட், காகிதப்பூ, சப்பாத்திக்கள்ளிப் பழம் ஆகியவற்றில் இருப்பதும் அதுதான். இந்த இரண்டு நிறமிக் கூட்டங்களும் ஒரே செடியில் சேர்ந்து இருப்பதில்லை. ஏன் என்பது தாவரப் பரிணாமத்தின் சுவையான கேள்விகளில் ஒன்று. வேறுபாட்டைச் சமையலறையிலேயே காணலாம். சங்குப்பூ ஊறிய நீரில் எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாகிவிடும். சிவப்புக்கீரை வெந்த நீரில் பிழிந்தால் சிவப்பு பெரிதாக மாறாது. சிவப்புக்கீரையின் முதன்மை நிறமிக்கு அமராந்தின் என்று பெயர். பீட்டலைன் நீரில் கரைந்து மெல்லச் சிதையக்கூடியது. நீர் குறைந்த உலர்ந்த செதிலில் அந்தச் சிதைவு தாமதமாகிறது. அமராந்த் என்ற பெயரில் செயற்கைச் சாயம் ஒன்றும் உண்டு. நிறத்தின் ஒற்றுமையால் வந்த பெயர் அது. செடிக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1976இல் அமெரிக்கா அந்தச் சாயத்தை உணவில் தடை செய்தது.

கிள்ளிய கணுவில் நடப்பது

பிளினியும் பெருஞ்சித்திரனாரும் கண்ட மறுதுளிர்ப்புக்கு வருவோம். ஒவ்வொரு இலைக்காம்பின் மூட்டிலும் ஓர் உறங்கும் மொட்டு உண்டு. நுனிக்குருத்து வளர்ந்துகொண்டிருக்கும் வரை அது விழிக்காது. நுனியில் உருவாகித் தண்டு வழியே கீழிறங்கும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது என்பதை 1930களின் தொடக்கத்தில் திமான், ஸ்கூக் ஆகியோரின் சோதனைகள் காட்டின. நுனியை வெட்டிவிட்டு அந்த இடத்தில் ஆக்சினைத் தடவினால் பக்க மொட்டுகள் தொடர்ந்து உறங்கின.

2014இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பட்டாணிச் செடியில் இதற்கு இன்னொரு படியைச் சேர்த்தார்கள். நுனியைக் கிள்ளிய சில மணி நேரத்திலேயே, ஆக்சின் குறைவு எட்டுவதற்கு முன்பே, கீழுள்ள மொட்டுகள் விழிக்கத் தொடங்குகின்றன. நுனிக்குப் போய்க்கொண்டிருந்த சர்க்கரை திசை மாறி மொட்டுகளுக்குப் பாய்வதே அந்த முதல் அழைப்பு. உணவு கிடைத்த மொட்டு எழுகிறது. ஆக்சின் தடையும் விலகியபின் கிளையாக நீள்கிறது.

நம் கீரைச் சாகுபடி முழுவதும் இந்த அறிவின் மேல் நிற்கிறது. முளைக்கீரையை மூன்று நான்கு வாரத்தில் வேரோடு பிடுங்குவார்கள். தண்டுக்கீரையைத் தண்டு திரளும் வரை விடுவார்கள். அரைக்கீரையை அடியில் சிறிது விட்டு அறுப்பார்கள்; அது கிளைத்து வரும், மீண்டும் அறுப்பார்கள். அறுகீரை என்றும் அதற்குப் பெயர் உண்டு. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கீரை ரகங்களில் கோ.3, இப்படிக் கிள்ளிக் கிள்ளி எடுப்பதற்கென்றே தேர்ந்த ரகம்.

வறட்டு நிலத்தின் செடி

வாடாமைக்கு மூன்றாவது ஒரு பொருளும் உண்டு. அதைக் கிரேக்கர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. பெரும்பாலான செடிகளில் கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதி, வெப்பம் கூடும்போது தவறுதலாக ஆக்சிஜனையும் பிடித்து, செய்த உணவில் ஒரு பங்கை வீணாக்கும். அமராந்தஸ் இனங்கள் இதைத் தவிர்க்கும் வழியைக் கொண்டவை. முதலில் வேறொரு நொதியால் கரியமில வாயுவை நான்கு கார்பன் உள்ள அமிலமாகப் பிடித்து, இலை நரம்பைச் சுற்றியுள்ள தனிச் செல்களுக்குள் கொண்டுபோய் அங்கே அடர்த்தியாக வெளிவிடுகின்றன. அடர்த்தி கூடியதால் நொதி தவறுவது குறைகிறது. இலைத்துளையை அகலத் திறக்க வேண்டியதில்லை என்பதால் நீரும் மிச்சமாகிறது. கரும்பை ஆராய்ந்து 1966இல் ஹாட்ச், ஸ்லாக் ஆகிய இருவரும் விளக்கிய இந்த வழிக்கு சி4 என்று பெயர். பூக்கும் தாவர இனங்களில் சுமார் 3 விழுக்காடே இந்த வழியைக் கொண்டவை.

அந்தத் தனிச் செல்கள் நரம்பை வளையமாகச் சூழ்ந்திருக்கும். அந்த அமைப்புக்கு ஜெர்மன் மொழியில் ‘கிரான்ஸ்’ என்று பெயர் நிலைத்தது. மாலை என்பது அதன் பொருள். மாலைப் பூவாகப் பெயர் பெற்ற செடி, தன் ஒவ்வொரு இலை நரம்பையும் மாலையிட்டே வைத்திருக்கிறது.

ராகியும் சி4 செடிதான். சி4இன் மூன்று உட்பிரிவுகளில் ராகியும் அமராந்தஸும் ஒரே பிரிவு. தருமபுரி வீடுகளில் ராகிக் களிக்குத் துணை கீரைக் கடைசல். மழையை எண்ணி வாழும் இந்த மாவட்டத்தில் களியும் கடைசலும் ஒரே தட்டில் சேர்ந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. வெயிலும் வறட்சியும் எதை விட்டுவைத்தனவோ அதைத்தான் இந்த மக்கள் உணவாக்கிக்கொண்டார்கள். 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இரண்டிலும் உண்டு. கீரையின் கால்சியத்தில் ஒரு பகுதி ஆக்சலேட்டோடு பிணைந்திருப்பதால் உடலில் முழுதும் சேராது. அந்தக் குறையை ஈடுகட்ட ராகி உதவுகிறது.

இதே வலிமை வேறிடத்தில் தொல்லையாகவும் மாறியிருக்கிறது. அமெரிக்காவின் பருத்தி நிலங்களில் பால்மர் அமராந்த் என்ற இனம் கிளைஃபோசேட் களைக்கொல்லியைத் தாங்கப் பழகிவிட்டது. 2000க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் ஜார்ஜியா மாநிலத்தில் அது உறுதியானது. களைக்கொல்லி தாக்கும் நொதிக்கான மரபணுவைப் பல மடங்கு பெருக்கிக்கொண்டு அந்தச் செடி பிழைக்கிறது. ஒரே மருந்தை ஆண்டுதோறும் தெளித்ததன் விளைவு இது. நம் பக்கத்தில் நடப்பது இதற்கு எதிர்மாறு. களைக்கொல்லி தெளித்த காட்டில் பண்ணைக்கீரையும் குப்பைக்கீரையும் கிடைப்பதில்லை. களை பறிக்கப் போன பெண்கள் மடி நிறையக் கீரையோடு திரும்புவதும் குறைகிறது.

பெயர் காத்து வைப்பது

ஆங்கிலப் பெயர் ஓர் உண்மையைச் சொல்கிறது: பூ வாடாது. தமிழ்ப் பெயர்கள் ஒவ்வொன்றும் வேறோர் உண்மையைச் சொல்கின்றன. முளைக்கீரை பறிக்கும் பருவத்தைச் சொல்கிறது. தண்டுக்கீரை உண்ணும் உறுப்பைச் சொல்கிறது. குப்பைக்கீரை உரம் நிறைந்த மண்ணைத் தேடி முளைக்கும் இயல்பைச் சொல்கிறது. கடைகளில் எல்லாவற்றின் மேலும் அமராந்த் என்று ஒரே சீட்டை ஒட்டும்போது இந்த அறிவு சத்தமின்றிக் கழிந்துவிடும். ஆங்கிலப் பெயரைக் கற்பது நல்லது. அதற்காக நம் பெயர்களைக் கைவிட வேண்டியதில்லை. இரண்டையும் அறிந்த பிள்ளைக்குத்தான் செடி முழுதாகத் தெரியும்.

தருமபுரி மாவட்டப் பள்ளிகளில் இதைச் செலவில்லாமல் கற்பிக்கலாம். இரண்டு தொட்டிகளில் அரைக்கீரை விதைத்து, ஒன்றில் மட்டும் நுனியைக் கிள்ளிவிட்டு, எந்தக் கணுவில் எத்தனை நாளில் துளிர் வருகிறது என்று பிள்ளைகள் குறிக்கட்டும். ஒரு வாடாமல்லியையும் ஒரு ரோஜாவையும் பக்கத்தில் வைத்து நாள்தோறும் எடை போடட்டும். சித்தேரியிலும் வத்தல்மலையிலும் உள்ள பிள்ளைகள், மலையில் தங்கள் பாட்டிமார் பறிக்கும் கீரைகளின் பெயர்களையும், ஒவ்வொன்றையும் எப்போது எப்படிப் பறிப்பது என்பதையும் கேட்டு எழுதி வரட்டும். ஆக்சினும் சி4உம் கண்டறியப்படுவதற்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, கிள்ளிய கணுவை உற்றுப் பார்த்த ஒரு பெண்ணின் கை அந்தப் பாடலில் இருக்கிறது. அவளுடைய பார்வையையும் தாவரவியலின் தொடக்கமாகவே நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.